மகள் கையிலிருந்து வாங்கிய தண்ணீர்க் கூடை

என் மகள் கூடைப்பந்து ஆடுகிறவள். வாய்விட்டு யாரிடமும் இதை நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. பாசாரில் காய்கறி வாங்கும்போது தெரிந்தவர்கள் மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், கிள்ளான் பக்கத்தில் மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய்யில்லை. பகலில் அங்கேதான் இருக்கிறாள். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் பயிற்சிக்குப் போவாள். சனிக்கிழமையானால் கிள்ளானில் ஒரு கிளப்புக்காக ஆடுவாள்.

அந்தக் கிளப்பில் மற்ற எல்லாரும் சீனப் பிள்ளைகள். நம் ஆள் என்று இவள் ஒருத்திதான். இடைநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இவளுடைய உயரத்தைப் பார்த்துப் பந்தைக் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது பிடிக்கவில்லை. வயசுப் பிள்ளை அரைக்கால் சிலுவார் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் குதிக்கிறாளே என்று பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற என் அக்கா கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். பதில் சொல்லமாட்டேன். எனக்குச் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றபோதுகூட ஏன் என்று நான் வீட்டில் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் கட்டாயப்படுத்தி என்னை மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். மேலே படிகளில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர்கள் அவள் முதுகில் இருந்த எட்டாம் நம்பரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினார்கள். அவள் பந்தை வாங்கினாலே எழுந்து நின்றார்கள். என் பக்கத்தில் இருந்தவர் கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டி, உங்கள் மகளா என்று மலாயில் கேட்டார். தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வரும்வரை என் காது சுட்டுக்கொண்டே இருந்தது. வெட்கம் என்றாலும் சந்தோஷம் என்றாலும் எனக்குக் காதுதான் சுடும். அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்தையும் நான் விட்டதில்லை.

போன வருஷம் ஓர் ஆட்டத்தில் அவள் உயரத் துள்ளிக் கீழே இறங்கும்போது கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. யாரும் தள்ளவில்லை. தானாகவே விழுந்தாள். முட்டியில் இருக்கிற ஜவ்வு அறுந்துபோய்விட்டது என்று டாக்டர் சொன்னார். அறுவை செய்து, கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, ரப்பர் பட்டையைக் கட்டிலில் மாட்டி இழுத்து, மாடிப்படியில் ஏறி இறங்கி, அவள் பழையபடி நடப்பதற்கே பல மாதம் ஆயிற்று. இனிமேல் ஆடமாட்டாள், நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவளோ மறுபடியும் ஓட ஆரம்பித்தாள்.

ஓடினாளே தவிர, பழைய ஓட்டம் இல்லை. அது எனக்கே தெரிந்தது. திரும்புகிற இடத்தில் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

ஒருநாள் பயிற்சி முடிந்ததும் கோச் அவளைக் கோப்பிக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசியிருக்கிறார். கோச்சும் சீனர்தான். பகலில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். அவளுடைய இடத்தில் இனிமேல் சின்னப் பெண் ஒருத்தி ஆடுவாள், இவள் பெஞ்சில் இருக்கவேண்டும், கடைசியில் பத்து நிமிடம் போல உள்ளே விடுவேன் என்று சொன்னாராம். அவள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் இதைச் சொன்னாள். நான் சோறு போடவா என்று கேட்டேன். அவள் குளிக்கப் போனாள். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த சில நாட்கள் அவள் யாரோடும் பேசவில்லை. விட்டுவிடப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது, "சரின்னு சொல்லிட்டேன்மா. பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் எவ்வளவு விழுங்கியிருப்பாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. சரி, காலுக்கும் நல்லது என்று சொல்லிக் கோப்பியை ஊற்றினேன்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை அடிபட்டுத் திரும்பி வந்து ஆடுகிறாள், முதல் ஆட்டத்தை நாங்களும் பார்க்கவேண்டும் என்று போனில் சொன்னார். அரைக்கால் சிலுவார் என்று பேசின அதே அக்காதான். பேப்பரில் ஒருமுறை இவள் படம் வந்ததிலிருந்து பேச்சு மாறிவிட்டது. இவள் பெஞ்சில்தான் உட்காரப்போகிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கொஞ்சம் ஆசையும் இருந்தது. அக்கா வந்திருக்கும் நேரம் பார்த்துக் கோச் மனசு மாறி முதலிலேயே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது.

சனிக்கிழமை அக்கா, தன் கோயில் பஜனைக்காரர்கள் இரண்டு பேரோடு கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வந்து இறங்கினார். மூன்று பேருக்கும் நல்ல சேலை, தலையில் பூ. மண்டபத்தில் டி-சட்டை போட்ட சீனர்களுக்கு நடுவில் நாங்கள் நாலு பேரும் ஏதோ நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தோம்.

ஆட்டம் ஆரம்பித்தது. உள்ளே போன ஐந்து பேரில் அவள் இல்லை.

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். பெஞ்சின் கடைசியில் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான்தான் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் விடுவார்கள் என்று சொன்னேன். முதல் பகுதி முடிந்து ஆட்டக்காரிகள் மூச்சு வாங்க வெளியே வந்தார்கள். என் மகள் எழுந்தாள். தண்ணீர்ப் புட்டிகள் அடுக்கிய பிளாஸ்டிக் கூடையைக் கையில் எடுத்தாள். ஒவ்வொருத்தியிடமாகப் போய்ப் புட்டியை நீட்டினாள். தன் தோளில் போட்டிருந்த சின்னத் துண்டுகளை எடுத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த புட்டிகளை வாங்கிக் கூடையில் வைத்தாள். அவளுடைய இடத்துக்கு வந்திருந்த சின்னப் பெண் புட்டியைத் திருப்பி நீட்டியபோது என் மகளின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நான் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் டீ லேடியாக வேலை செய்தவள். அந்த வேலையில்தான் என் தலைமுடி நரைத்தது. மீட்டிங் நடக்கும்போது தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். சத்தம் வரக்கூடாது. பேசிக்கொண்டிருப்பவர்களின் கைக்கும் காகிதத்துக்கும் நடுவில் கோப்பையை வைக்கவேண்டும். அவர்கள் பேச்சை நிறுத்தமாட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப் பார்க்கமாட்டார்கள், அவ்வளவுதான். காலிக் கோப்பையை என் பக்கம் தள்ளுவார்கள், கண் வேறு எங்கோ இருக்கும். இவளைப் படிக்கவைத்தது, ஆபீசில் உட்காரவைத்தது எல்லாம் இவள் கையில் அந்தத் தட்டு வரக்கூடாது என்றுதான்.

இரண்டாம் பகுதியிலும் அவளை விடவில்லை. மூன்றாவதிலும் பெஞ்சுதான். இடையில் கோச் ஆட்டத்தை நிறுத்திப் பேசியபோதெல்லாம் அவள் கூடையோடு எழுந்தாள். அக்காவோடு வந்தவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா என் பக்கம் சாய்ந்து, சத்தமில்லாமல் கேட்டார்.

"இதப் பாக்கவா எங்கள ரயிலேத்தி கூட்டிட்டு வந்தே? அம்மாவுக்குத் தப்பாத மகளா இருக்கா."

அக்கா கேலியாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். எனக்குக் காது சுட ஆரம்பித்தது. கன்னம், கழுத்து, எல்லாம் சுட்டது. நான் எழுந்தேன்.

நம் வீட்டு விசேஷங்களில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நின்றால், பெரியவர்கள் யாராவது எழுந்து போய், "கொடு, நீ போய் உக்காரு" என்று தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கை தானாகப் போகும். என் கையும் அப்படித்தான் போயிற்று. ஆனால் அது பந்தி இல்லை.

படிகளில் இறங்கினேன். பெஞ்சு எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சுற்றிப் போகவேண்டும் என்று தோன்றவில்லை. ஆட்டம் அந்தக் கோடியில் நடந்துகொண்டிருந்தது, இந்தக் கோடி காலியாக இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பளபளவென்றிருந்த பலகைத் தரையில் குறுக்கே நடந்தேன். பாதி வந்திருப்பேன். அந்தக் கோடியிலிருந்து எங்கள் பெண் ஒருத்தி பந்தைப் பறித்துக்கொண்டு என் பக்கமாகத் தனியாக ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. நான் மட்டும் இருந்தேன். விசில் ஊதினார்கள். அவள் சப்பாத்துத் தேய்கிற சத்தத்தோடு நின்றாள்.

அப்போதுகூட நான் நிற்கவில்லை. என்னை நிறுத்தத்தான் விசில் ஊதினார்கள் என்று விளங்கவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய், மகள் காலடியில் இருந்த கூடையைத் தூக்கப்போனேன். அவளும் பிடித்துக்கொண்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி நின்றோம்.

"கொடும்மா, நான் கொடுக்கறேன். நீ போய் உக்காரு" என்றேன்.

"ம்மா, விடுங்க."

"நீ கொடுக்கக் கூடாது. நான் பழக்கப்பட்டவ."

இதைச் சொன்னதும் அவள் கையை விட்டுவிட்டாள். கூடை என் கையில் வந்துவிட்டது. மண்டபமே அமைதியாக இருந்தது. நடுவர் என்னிடம் வந்து மலாயில் என்னவோ மரியாதையாகத்தான் சொன்னார். கோச் எழுந்து வந்து இரண்டு கையையும் கூப்பாத குறையாக அவரிடம் பேசினார். மேலே யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு பலபேர் சிரித்தார்கள். கோச் என் கையிலிருந்து கூடையை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சுவரோரமாகக் கதவுவரை என்னைக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்.

ஆட்டம் தொடர்ந்தது. தனியாக ஓடிவந்த பெண்ணுக்குக் கிடைத்திருக்கவேண்டிய புள்ளி போனது போனதுதான். கடைசிப் பகுதியில் கோச் திரும்பி என் மகளை விரலால் கூப்பிட்டார். அவளுடைய பத்து நிமிடம் வந்துவிட்டது. அடிபட்டதிலிருந்து அவள் காத்திருந்தது அதற்குத்தான். அவள் தலையை ஆட்டி மாட்டேன் என்றாள். கோச் மறுபடியும் கூப்பிட்டார். அவள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் கதவோரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகள்தான் காரை ஓட்டினாள். அக்காவை நிலையத்தில் இறக்கிவிட்டபோது, எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அக்கா அவளிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார்கள். இரண்டு நாளில் அது சுற்றிச் சுற்றி அக்காவின் பஜனைக் குழுவுக்கு வந்து, அங்கிருந்து எனக்கே வந்தது. ஒரு கிழவி சேலையைக் கெண்டைக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைக்குப் போகிற மாதிரி நடக்கிறாள். பின்னால் பந்தோடு ஒரு பெண் திகைத்து நிற்கிறாள். கீழே நிறைய சிரிப்பு முகங்கள் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததுகூடப் பரவாயில்லை. படத்தின் ஓரத்தில் என் மகள் தெரிந்தாள். கூடையை விட்டுவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அதை அழித்துவிட்டேன். அழித்தாலும் கண்ணில்தான் நின்றது.

செவ்வாய்க்கிழமை அவள் பயிற்சிக்குப் போகவில்லை. வேலைவிட்டு நேராக வீட்டுக்கு வந்து அறைக்குள் போய்விட்டாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. வியாழக்கிழமையும் பயிற்சிப் பை மூலையில் அப்படியே கிடந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பசியாறியாச்சா, மருந்து சாப்பிட்டீங்களா என்று எப்போதும் போலக் கேட்டாள். அவள் கஷ்டப்பட்டு ஒத்துக்கொண்ட ஒன்றை நான் ஒரு நிமிடத்தில் கலைத்துவிட்டேன் என்று புரிந்தது.

அன்றைக்கு அவள் குளிக்கப் போனதும் நான் பஸ் ஏறி மண்டபத்துக்குப் போனேன். வேலைக்கும் பாசாருக்கும் தவிர தனியாக எங்கேயும் போகாதவள் நான். கோச்சிடம் சொல்லவேண்டியதைப் பஸ்ஸில் மலாயில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மண்டபத்துக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை. அந்தத் தரையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிள்ளைகள் உள்ளே போகும்போது என்னைப் பார்த்தார்கள், ஒருத்தி தலையைச் சாய்த்து ஆன்டி என்று சொன்னாள். சிரிக்கவில்லை. அது இன்னும் கூச்சமாக இருந்தது.

கோச் புகைபிடிக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் சிகரெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் பழகி வைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. மன்னிப்பு என்கிற ஒரு சொல்லை மட்டும் மலாயில் மூன்று நாலு தடவை சொன்னேன்.

"தா அப்பா லா, ஆன்டி" என்றார். பரவாயில்லையாம். பிறகு மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னது அவர் இல்லையாம். அவளாகத்தான் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். சும்மா உட்கார்ந்தால் முட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கையில் வேலை இருந்தால் ஆட்டத்தைப் பார்க்கிறாள் என்றார். எதிராளிகளில் யார் களைத்திருக்கிறார்கள், யார் இடதுபக்கம் திரும்பமாட்டார்கள் என்று தண்ணீர் கொடுக்கும்போதே தன் பிள்ளைகளிடம் சொல்லுவாளாம். நான் மேலேயிருந்து பார்த்தபோது அவள் வாய் அசைந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஆட்டம், அவள் வராவிட்டால் பட்டியலில் வேறு ஆளை எழுதவேண்டியிருக்கும், எழுதிவிட்டால் இந்தப் போட்டி முடியும்வரை அவளுக்கு இடமில்லை என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கோச் சொன்னதையும் சொன்னேன். அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

"நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன்."

"எதுக்கு?"

"குறுக்கே நடந்ததுக்கு."

"அது பரவால்லமா. வயசானவங்க, தெரியாம வந்துட்டாங்கன்னு எல்லாரும் விட்டுருவாங்க." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு அந்தக் கூடையைத் தூக்கறதுல ஒரு வெக்கமும் இருக்கல. நீங்க வந்து புடுங்கினதும்தான் வந்துச்சு. அது கேவலமான வேலைன்னு எல்லார் முன்னாலயும் காட்டிட்டீங்க."

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"ஸ்கூல் விட்டு உங்க ஆபீசுக்கு வந்து உக்காந்திருப்பேன்ல. கூட்டாளிங்க கேட்டா எங்கம்மா டீ லேடின்னுதான் சொல்வேன். நீங்கதான் ஆபீஸ் வேலைன்னு சொல்லுன்னு சொல்லிக் கொடுத்தீங்க. நான் ஒருநாளும் வெக்கப்படல, ம்மா."

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னது உண்மை. அந்த அலுவலகத்தின் பின்கட்டில் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், கழுவின கோப்பைகளைத் துடைத்து அடுக்குவாள். யாராவது உள்ளே வந்தால் நான் அவளைத் தள்ளி நிற்கச் சொல்வேன். அவளோ வந்து என்னை ஒட்டிக்கொண்டு நிற்பாள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு.

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தவள், கதவருகே நின்றாள்.

"சனிக்கிழமை போறேன். ஆனா நீங்க வராதீங்க."

சரி என்றேன்.

சனிக்கிழமை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அணைத்தேன். இந்நேரம் அவள் கூடையைத் தூக்கியிருப்பாள், இந்நேரம் கோச் விரலால் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடந்தேன். அந்தப் பிள்ளைகள் அவள் கையில் தண்ணீரை வாங்கத் தயங்கினார்களோ என்பதுதான் என்னை அறுத்தது.

ஆட்டம் முடிந்து வந்து சோபாவில் காலை நீட்டினாள். ஐஸ் பையைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். முட்டியில் வைத்துக்கொண்டு, கோச் விட்டாரு, ரெண்டு போட்டேன், ஒண்ணு தவறிடுச்சு என்றாள். மற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து அவளாகவே சொன்னாள். முதலில் கூடையைத் தூக்கியதும் எல்லாரும் அவர்களாகவே வந்து புட்டியை எடுத்துக்கொண்டார்களாம், ஒருத்தியும் அவளைக் கொண்டுவந்து கொடுக்க விடவில்லையாம். மூன்றாம் பகுதியில்தான் சரியாயிற்றாம். அவளுடைய இடத்தில் ஆடுகிற சின்னப் பெண், எனக்குத் தண்ணி எங்கே, தூங்குறியா என்று அவளைப் பார்த்துக் கத்தினாளாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் போகிறாள். பெஞ்சில் உட்காருகிறாள், தண்ணீர் கொடுக்கிறாள், கடைசியில் கொஞ்சநேரம் ஆடுகிறாள். நான் போவதில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே, "பினாங்கு டீம் வருது. வரீங்களா?" என்று கேட்டாள். மனசாரத்தான் கேட்டாள், முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தரையை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடுகிறது. அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மகள் கிளம்பிப்போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன்.